டாலா எங்கே என்று கேட்டோம்

என் தங்கை அமோந்தியை நான் ஒரே ஒரு முறைதான் அடித்திருக்கிறேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு.

அந்த வருஷம் எங்கள் ஊரான நியாலேரோவில் மாதத்துக்கு இரண்டு சாவு விழுந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் மேட்டின் மேல் மொத்தம் முப்பத்தேழு வீடுகள்தான். யாரோ முன்னோர் வைத்த விலக்கை மீறிவிட்டார்கள், அதனால்தான் ஆட்கள் உருகி உருகிச் சாகிறார்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் முற்றத்தில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தேன். அமோந்தி எதிரே உட்கார்ந்து குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, லாரிக்காரர் செத்தாருல்ல, அடுத்தது அவரோட ரெண்டாவது பொண்டாட்டி."

"வாய மூடு."

"அந்தம்மாவ இப்ப அவரு தம்பி சேத்துக்கிட்டாருல்ல, அதனால அப்புறம் தம்பி. அப்புறம் தம்பியோட மூத்த பொண்டாட்டி. செத்துப்போன நம்ம அப்பாவும் அதே லாரியிலதான போனாரு? அதனால அப்புறம்..." குச்சி நின்றது. "அப்புறம் நம்ம அம்மா."

அறைந்தேன். எங்கள் பக்கம் ஆட்களை எண்ண மாட்டார்கள், எண்ணினால் குறையும் என்று பயம். இவள் எண்ணியதோடு நிற்காமல் முன்கூட்டியும் எண்ணிவிட்டாள். அவள் அழவில்லை.

அவள் சொன்ன வரிசை மாறவில்லை. அம்மா பதினான்கு மாதம் கழித்துப் போனாள். இந்தப் பிள்ளைக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று ஊரில் பேச ஆரம்பித்ததும், அவளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு, கிசாரு துறைக்கு வந்துவிட்டேன். எனக்குப் படிப்பு ஏழாவது வரைதான். மீன் காயவைத்து விற்று அவளைப் படிக்கவைத்தேன். மசேனோ பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்து வகுப்பில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவன் நைரோபியில் ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறான். இவள் திரும்பி வந்தாள். எங்கள் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில், ஜன்னல் இல்லாத அறையில், ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

அவள் வேலை என்ன என்று துறையில் யார் கேட்டாலும் நான் இப்படித்தான் சொல்வேன். ரத்தச் சோதனை எண்கள், கர்ப்பிணிகள் எண்ணிக்கை, ஊருக்கும் ரோட்டுக்கும் உள்ள தூரம், ஏரிக்கு உள்ள தூரம், மீன் சீசன் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுவாள். வருகிற இரண்டு வருஷத்தில் எந்த ஊரில் புதிதாக எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. வரும் என்று அது சொல்லும். வரப்போகிற இடத்துக்கு மருந்து முன்னாலேயே போய் நிற்க வேண்டும், அதற்காக.

அந்தக் கணக்கில் நிலாவையும் சேர்த்திருந்தாள். ஓமேனா என்கிற பொடி மீனை ராத்திரியில் விளக்கு வைத்துத்தான் பிடிப்பார்கள். நிலா வெளிச்சத்தில் மீன் விளக்குக்கு வராது. வளர்பிறை முற்றும் வாரத்தில் ஆண்கள் எல்லாரும் கரையில் சும்மா இருப்பார்கள், துறைக்குத் துறை போவார்கள். அதைக் கணக்கில் போட்டபோது அவள் மேலதிகாரி ஒபூரா சிரித்தாராம். போட்டதும் பழைய வருஷங்களின் எண்களோடு கணக்கு நன்றாக ஒத்துப்போனது. அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

நான் ஆறு வருஷமாகக் கிசாரு துறையில் சுகாதாரத் தொண்டர். என்னிடம் ஒரு நீலப் பதிவேடு இருக்கிறது. சோதனை செய்துகொள்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. தேதி, வயது, ஆணா பெண்ணா, ஊர், முடிவு. பெயர் எழுதக்கூடாது, ஆனால் எந்த வரி யாருடையது என்று எனக்குத் தெரியும். என் பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. மேற்பார்வைக்கு வருகிறவர்கள் மற்ற தொண்டர்களிடம், "அக்கேயோ எழுதுறதப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்று சொல்வார்கள்.

சென்ற மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அமோந்தி வந்தாள். கையில் கம்ப்யூட்டர், முகத்தில் ரத்தமே இல்லை. என் மகள் அவீனோ, பத்தொன்பது வயது, வாசலில் வலை விரித்து மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மா, என்ன இது, மீன விட நீ காஞ்சி போயிருக்க?"

அமோந்தி சிரிக்கவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, வியாழக்கிழமை அந்தக் கணக்க வச்சுப் போட்ட மேப்பக் குடுக்கணும். ஜூலையிலேருந்து படகு உங்க துறைக்கு வராது."

படகு என்றால் செவ்வாய்தோறும் வரும் மருத்துவப் படகு. சோதனைக் கருவி, ஆணுறை, தினம் ஒன்று போடுகிற தடுப்பு மாத்திரை எல்லாம் அதில்தான் வரும். நோய் வராதவர்கள் அந்த மாத்திரையை விடாமல் போட்டால் நோய் ஒட்டாது. துறையில் ஐம்பத்திரண்டு பெண்கள் போடுகிறார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. மீன் வேண்டுமென்றால் படகுக்காரனுக்கு இணங்க வேண்டும் என்பது எங்கள் துறையில் ஒளிவுமறைவாக நடப்பதில்லை. அவீனோ எதற்கு இணங்குகிறாள் என்று நான் கேட்டதில்லை. மாத்திரையை எண்ணுவேன், அவ்வளவுதான். அன்று அவள் டப்பாவில் இருபத்துமூன்று இருந்தது.

"படகு எங்க போகுது?"

"படகு நிறுத்தம். அந்த மருந்து, ஆளு எல்லாம் வண்டியில ஏறி மேட்டுக்குப் போகுது." கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள்.

மாவட்டம் முழுவதும் நிறம் பூசியிருந்தது, நோய் எங்கே அதிகம் வருமோ அங்கே சிவப்பு. ஏரிக்கரை வெளிறிய மஞ்சள். கிசாரு துறை இருப்பதே தெரியவில்லை. மேட்டின் மேல் ரத்தக் கட்டி போல ஒரு சிவப்பு. பெயரைப் படித்தேன். நியாலேரோ.

"நம்ம ஊரா? அங்க யாரு இருக்கா? நாலு கிழவனும் நாப்பது ஆடும். ஆட்டுக்கா மாத்திரை குடுக்கப் போறீங்க?"

"நம்பர் அப்படித்தான் சொல்லுதுக்கா. நாலு வாட்டி ஓட்டிப் பாத்துட்டேன்."

இவள் எண் சொன்னால் அது நடக்கும். ஒன்பது வயதிலேயே எனக்கு அது காட்டப்பட்டது. அப்படியானால் அந்த மேட்டில் எனக்குத் தெரியாமல் என்னவோ நடக்கிறது. அதே சமயம் ஜனவரியிலிருந்து என் கையால் வைத்த கருவிகளில், நோய் இருக்கிறது என்று காட்டும் இரண்டாவது கோடு பதினேழு முறை விழுந்திருந்தது. பதினேழையும் எழுதி அனுப்பியிருந்தேன். அவை எங்கே போயின?

"அந்தச் செவப்புல இருக்கறவங்க யாரு யாரு?"

"எனக்குப் பேரு தெரியாதுக்கா, தெரியவும் கூடாது. தேதியும் வயசும்தான் இருக்கு."

"அதச் சொல்லு."

"மார்ச் பதினாலு. பொண்ணு. இருபத்திரண்டு வயசு. டாலா, நியாலேரோ."

பதிவேட்டைத் திறந்தேன். என் கையெழுத்து. யார் என்று தெரிந்தது. பெயரை அவளிடம் சொல்லவில்லை, இங்கேயும் எழுத மாட்டேன். அந்தப் பெண் என் வீட்டுக்குப் பின்னால் மூன்றாவது தகரக் கொட்டகையில் இருக்கிறாள். அவள் புருஷனின் அப்பன் வீடு நியாலேரோவில். மூன்று வருஷத்தில் அவள் அங்கே போனது மாமனார் சாவுக்கு மட்டும்.

"அமோந்தி, இவ இங்கதான் இருக்கா."

"அப்புறம் ஏன் நியாலேரோன்னு எழுதுன?"

"நீ கேக்கச் சொன்னதத்தான் கேட்டேன்."

அவள் தயாரித்துக் கொடுத்த கேள்வித்தாள் பதிவேட்டின் அட்டையில்தான் ஒட்டியிருந்தது. அச்சடித்த படிவத்தில் 'வசிப்பிடம்' என்று ஆங்கிலத்தில் இருந்ததை, எங்கள் ஜனத்துக்குப் புரியட்டும் என்று அமோந்திதான் எங்கள் பேச்சில் மாற்றியிருந்தாள். ஐந்தாவது கேள்வி: உன் டாலா எங்கே?

எங்கள் லுவோ ஜனத்தில் ஒருவனைத் தூக்கத்தில் எழுப்பி டாலா எங்கே என்று கேட்டால், அவன் தன் தொப்புள்கொடி புதைந்த இடத்தைச் சொல்வான், நாளை தன்னைப் புதைக்கப்போகிற இடத்தைச் சொல்வான். கல்யாணமானவள் புருஷனுடைய அந்த இடத்தைச் சொல்வாள். இருபது வருஷம் ஏரிக்கரையில் படுத்து எழுந்தாலும் அது வெறும் வீடு. டாலா ஆகாது. வெளியூர்க்காரன் ஒருவன் அந்தத் தாளைத் தயாரித்திருந்தால் எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டிருப்பான். எங்களில் ஒருத்தி, எங்கள் ஆட்களிடம் மரியாதையாகக் கேட்க வேண்டும் என்று நினைத்ததால் வந்த பிழை இது.

அமோந்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அறுபத்துமூணு தொண்டருங்க இதே தாள வச்சுத்தான் கேட்டாங்க. ரெண்டு வருஷம். கரையில இருக்கற சீக்கு எல்லாத்தையும் தூக்கி நான் மேட்டுல கொண்டுபோய் வச்சிருக்கேன்."

"தப்பு தெரிஞ்சிருச்சுல்ல, போய்ச் சொல்லு."

"என்னன்னு சொல்றது? நைரோபியிலேருந்து அந்த முரியுகி வராரு, மருந்து குடுக்கற திட்டத்துக்கே அவருதான் பொறுப்பு. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாம கணக்குப் போட்டேன்னு சொல்லவா? வேலைய விட்டே அனுப்பிருவாங்கக்கா. அதுகூடப் போகட்டும். நான் சொல்றத நம்பலன்னா? நிரூபிக்க என்ன இருக்கு?"

வெளியே அவீனோ எதற்கோ யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே யோசித்தேன். என் பதிவேட்டில் இருநூற்று எண்பத்தாறு வரிகள். நடுவில் நான்கு நாள். ஒவ்வொருவரையும் மறுபடி கேட்டுவிடலாம் என்றேன்.

ஞாயிறு காலை ஆரம்பித்தோம். எங்கே தூங்குகிறாய் என்று கேட்கச் சொன்னாள் அமோந்தி. மீன் துறையில் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டென்றால் அதுதான்.

வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவன் பல்லைக் காட்டினான். "ஏன் அக்கேயோ, நீ வந்து பாய் விரிக்கப் போறியா?"

"உன் மூஞ்சிக்குப் பாய் வேற கேடா? பதில் சொல்லு."

"எல்லா எடத்துலயும்னு எழுதிக்க."

அடுத்த கொட்டகைப் பெண் துடைப்பத்தோடு வந்தாள். "என் மாமியா அனுப்பினாளா உளவு பாக்க? நான் எங்க தூங்கினா அவளுக்கென்ன? போய்ச் சொல்லு, தண்ணியில தூங்குறேன்னு சொல்லு!"

மத்தியானம் வரை முப்பத்தொரு பேரைக் கேட்டு ஆறு பதில்தான் கிடைத்தது. அமோந்தி ஒரு கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். எங்களுக்குப் பக்கத்தில் ஒந்தியெக்கின் சார்ஜ் கடை. கூரையில் சோலார் தகடு, உள்ளே பலகை நிறைய போன்கள், ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிய துண்டு. எங்கள் கொட்டகைகளில் கரண்ட் கிடையாது. துறையில் இருக்கிறவன் போன் இங்கேதான் இருக்கும்.

எழுந்து போய் வலைக்காரனிடம் கேட்டேன். "டேய், போன் எங்க சார்ஜ் போடுற?"

"வேற எங்க, ஒந்தியெக் கடையிலதான். அந்தத் திருட்டுப்பய போன வாரம் என் சார்ஜர் பின்ன மாத்திட்டான்."

தலையைக்கூடத் தூக்கவில்லை. துடைப்பக்காரியும் அப்படியே சொன்னாள். அவளும் ஒந்தியெக்கைத் திட்டினாள். யாருக்கும் வெட்கமில்லை, சந்தேகமில்லை. பதிவேட்டில் சிவப்புப் பேனாவால் ஒரு கட்டம் சேர்த்தேன்.

செவ்வாய் மாலைக்குள் இருநூற்று முப்பத்தொரு பேரைப் பிடித்தோம். மற்றவர்கள் வேறு துறைகளுக்குப் போயிருந்தார்கள், நான்கு பேர் இறந்திருந்தார்கள். பிடித்தவர்களில் டாலா கிசாரு துறை என்று முன்பு சொன்னவர்கள் பத்தொன்பது பேர். கிசாரு துறையில் சார்ஜ் போடுகிறவர்கள் நூற்று எண்பத்தேழு பேர். இரண்டு முறை எண்ணினேன். மூன்றாவது முறை அவீனோவை எண்ணவிட்டேன். அவளுக்கும் நூற்று எண்பத்தேழு.

புதன்கிழமை முழுவதும் அமோந்தி கம்ப்யூட்டர் முன்னால். நான் களி கிண்டி, ஜிலேபி மீன் வறுத்து வைத்தேன், தொடவில்லை. சாயங்காலம் ஒரு சத்தம் போட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். கிசாரு வரிகளைத் திருத்தியதிலேயே மேட்டின் சிவப்பு கரைந்து ஏரி ஓரத்துக்கு இறங்கியிருந்தது. எங்கள் துறை அந்த மேட்டை விடக் கறுத்த சிவப்பு.

"எத்தனை?" என்று கேட்டேன்.

"இப்ப இருக்கற மாதிரியே போனா, இன்னும் ஒரு வருஷத்துல புதுசா முப்பத்துநாலு. படகு நின்னா எத்தனைன்னு ஓட்டிப் பாக்கல. பாக்க மாட்டேன்."

முப்பத்துநாலு முகங்களைத் தேட ஆரம்பித்தது மனம். இந்தக் கொட்டகையா, அந்தக் கொட்டகையா? வாசலில் அவீனோ மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் இருக்கத் திரும்பிக்கொண்டேன்.

வியாழன் காலை பத்து மணிக்குக் கூட்டம். பதிவேட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு நானும் போனேன். வாசலில் அமோந்தி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

"அக்கா, பேச்சே வராது போலருக்கு."

"வரும். நீ உள்ள போ. நான் பின்னாலேயே நிக்கறேன்."

மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர். பன்னிரண்டு பேர் எங்கள் ஜனம். முரியுகி வெளியூர்க்காரர். இன்னொருவர் அவருடைய உதவியாளர். அமோந்தி எழுந்து, மேப் தவறு, கேள்வி தவறு, தவறு என்னுடையது என்றாள்.

ஒபூரா மேசையைத் தட்டினார். "என்ன வெளையாட்டா? போன வாரம் இதே மேப்ப நீதான சரின்ன? வண்டிக்கு எழுதிக் குடுத்தாச்சு. டாலா எங்கன்னு கேட்டா எங்க இருக்கன்னுதான அர்த்தம்? அதுல என்ன தப்பு?"

அமோந்தி அவர் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள், "சார், உங்க டாலா எங்க?"

"உயோமா." யோசிக்காமல் வந்தது.

"கடைசியா அங்க எப்ப படுத்தீங்க?"

"டிசம்பர்ல. ரெண்டு நாள்."

"இந்த டவுன்ல எத்தனை வருஷமா இருக்கீங்க சார்?"

யாரோ சிரித்தார்கள். அமோந்தி நிற்காமல் வரிசையாக ஒவ்வொருவரையும் கேட்டாள். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு டாலா. டவுன் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசி ஆள் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

"என் கணக்குப்படி இந்த ரூமுல இப்ப ரெண்டே பேருதான் சார் இருக்காங்க," என்றாள் அமோந்தி. முரியுகியும் உதவியாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பதிவேட்டைக் கேட்டார்கள். கொடுத்தேன். முரியுகி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, சிவப்புப் பேனாக் கட்டத்தைக் காட்டி, இது என்ன என்றார். சார்ஜ் போடுகிற இடம் என்றேன். பிறகு புது மேப்பில் எங்கள் துறையைத் தொட்டு, அந்த எண் என்ன என்றார். முப்பத்துநாலு என்றாள் அமோந்தி. அப்போதுதான் அந்த அறையில் எல்லாருக்கும் பயம் வந்தது. எனக்கு அது முதல் நாளிலிருந்தே இருந்தது.

வண்டி மேட்டுக்குப் போகாது, படகு நிற்காது, வாரம் இரண்டு நாள் வரும் என்று முடிவானது. அறுபத்துமூன்று தொண்டர்களும் புதுக் கேள்வியோடு எல்லாரையும் மறுபடி கேட்க வேண்டும். அமோந்திக்குக் கண்டனக் கடிதம் ஒன்று வந்தது. மேப்பிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தை அவள் கிழிக்கப் பார்த்தாள், நான் வாங்கி வைத்துக்கொண்டேன். தன் தப்பைத் தானே எழுந்து நின்று சொன்னவளுக்குக் கிடைத்த தாள் அது.

இதை எழுதும்போது பிப்ரவரி முடிகிறது. முப்பத்துநாலு என்று சொன்ன வருஷத்தில் ஒன்பது மாதம் போய்விட்டது. என் பதிவேட்டில் புதிதாகப் பதின்மூன்று வரிகளில் இரண்டாவது கோடு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவீனோவின் விரலைக் குத்துகிறேன். அந்தப் பதினைந்து நிமிஷம் நான் கருவியைப் பார்ப்பதில்லை. அவள்தான் பார்த்துச் சொல்வாள். இதுவரை ஒரு கோடுதான்.

அமோந்தி மாதிரி வேலை செய்கிற எல்லாரும் தாங்கள் போட்ட கணக்கு பலிக்க வேண்டும் என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. இவள் தன் கணக்கு பொய்யாக வேண்டும் என்று சர்ச்சில் மெழுகுவத்தி வைக்கிறாள்.

நேற்று செவ்வாய், படகு போனதும் போன் செய்தாள்.

"இன்னைக்கு எத்தனை?"

"ஒண்ணும் இல்ல. ஒருத்தருக்கும் இல்ல."

அவள் சந்தோஷப்படவில்லை. "எத்தனை பேரு வந்தாங்க?"

"நாப்பத்தாறு."

"போன செவ்வா எழுபத்தொண்ணு அக்கா."

நான் பதிவேட்டில் போன செவ்வாயின் பக்கத்தைப் புரட்டினேன்.

"மீதி இருபத்தஞ்சு பேரு எங்க?"

ஏரியில் ஆகாயத்தாமரை அடைத்திருந்ததால் பாதிப் படகுகள் வேறு துறைக்குப் போயிருக்கலாம். அல்லது பயந்து வராமல் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முதல் கொட்டகையிலிருந்து கேட்டு வரக் கிளம்பினேன்.